பெயரும் அடையும்

தாப்பாவில் ஒருவர் புதிதாக மகிழுந்து வாங்கினால், அதன் விலையைக் கேட்பதற்கு முன்னரே, "மலை ஏறிப் பார்த்தாயிற்றா?" என்று கேட்கும் முதியவர்கள் ஒரு காலத்தில் இருந்தனர். அக்கேள்விக்குக் காரணம் உண்டு. ஊரின் கிழக்கே தொடங்கும் சாலை, ரிங்லெட்டைக் கடந்து தானா ராத்தாவை அடைய ஏறத்தாழ 60 கிலோமீட்டர் ஓடுகிறது. சமவெளியில் புறப்பட்டு 1,400 மீட்டருக்கு மேல் உயர்கிறது. 1930ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலேயர் அமைத்த அச்சாலையில் நேராகச் செல்லும் இடங்கள் அரியன. ஒரு வளைவு முடியுமுன் மறு வளைவு எதிர்ப்படும். லாத்தா இஸ்கண்டார் அருவியின் ஓரத்தில், முகப்பு மூடியைத் திறந்து வைத்து, நீர்த்தொட்டியின் ஆவி அடங்கும்வரை காத்துக் கிடந்த வண்டிகள் எத்தனையோ. இறங்கி வரும் வண்டிகளிடமிருந்து பிரேக்குக் கருகும் நெடி வீசும். ஏற்றம் இயந்திரத்துக்குத் தேர்வு. இறக்கம் பிரேக்குக்குத் தேர்வு. இரண்டிலும் தேறாத வண்டியை, அதன் மேனி எவ்வளவு பளபளத்தாலும், அவ்வூர் முதியவர்கள் மதிப்பதில்லை.

அத்தகைய ஊரில் வாழ்ந்த ஆசிரியர் ஒருவர் 1986ஆம் ஆண்டில் ஒரு மகிழுந்து வாங்க முற்பட்டார். அவர் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தந்தையும் தாயும் பால்மரம் வெட்டியவர்கள். சிறுவயதில் அவர் அறிந்த மகிழுந்து ஒன்றே. அது துரையின் வண்டி. அது வரும்போது செம்மண் சாலையின் ஓரத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது ஒன்றே அதைப் பற்றி அவர் பெற்றிருந்த அறிவு. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த பிறகு பல ஆண்டுகள் மோட்டார் சைக்கிளிலேயே பள்ளிக்குச் சென்றார். ஆனால் மூன்று பிள்ளைகள், மனைவி, மூட்டுவலியால் வருந்தும் தாய் என அறுவர் அடங்கிய குடும்பத்தை மோட்டார் சைக்கிள் தாங்காது. அரசு ஊழியர்க்குரிய வாகனக் கடனும் அவருக்குக் கிடைப்பதாக இருந்தது.

அந்நாளில் நாடு முழுவதும் பேசப்பட்ட வண்டி புரோட்டோன் சாகா. 1985ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் அறிமுகமான அது, மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்து. ஷா ஆலாமில் உருவாகிய அதன் உடலமைப்பும் இயந்திரமும் ஜப்பானிய மிட்சுபிஷி நிறுவனத்தின் லான்சர் வகையை அடியொற்றியவை. சாகா என்பது சிவந்து திரண்ட ஒரு விதையின் பெயர். தமிழில் மஞ்சாடி என்றும் ஆனைக்குன்றிமணி என்றும் வழங்கும் அவ்விதையைப் பொற்கொல்லர்கள் பொன் நிறுக்கும் நிறையாகக் கொண்டனர். ஒரு வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்ப்பது அரிது. வாங்குவோர் எல்லாரும் பொன்னைப் போலத் தம் பணத்தை நிறுத்துத்தானே வாங்குகின்றனர்! உடன் பணியாற்றிய ஆசிரியர்கள் பலர் சாகாவுக்குப் பதிந்து வைத்துக் காத்திருந்தனர். இவரும் பதிந்திருப்பார். ஆனால் அதற்குள் வேறொரு வண்டி குறுக்கிட்டது.

1985ஆம் ஆண்டின் இறுதியில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை வீழ்ந்தது. பேராக் மாநிலத்தின் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. செழிப்பாக இருந்த சிலர் தம் வண்டிகளை விற்கத் தொடங்கினர். இந்த நிலையில், ஏழாண்டு ஓடிய வோல்வோ 244 வகை மகிழுந்துகள் இரண்டு, ஒரே சமயத்தில் விலைக்கு வந்தன. ஒன்று பீடோருக்கு அருகில் ஓய்வுபெற்ற தோட்டத்து மருத்துவ உதவியாளர் ஒருவருடையது. மற்றொன்று ஈப்போவில் இருந்த சுரங்கக் குத்தகைக்காரர் ஒருவருடையது. முன்னதன் பின்புறத்தில் டி.எல். என்னும் எழுத்துகளும், பின்னதன் பின்புறத்தில் ஜி.எல். என்னும் எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருந்தன. விலையிலோ சில ஆயிரம் வெள்ளி வேறுபாடு இருந்தது.

தமிழ் கற்பிப்பவர் ஆதலால் அவருக்கு முதலில் கண்ணில் பட்டது அவ்வண்டியின் பெயர்தான். வோல்வோ நிறுவனத்தார் அந்நாளில் தம் வண்டிகளுக்கு இட்ட எண்கள் பொருளற்றவை அல்ல. 244 என்பதில் முதல் 2 தொடரைக் குறிக்கும். நடுவில் உள்ள 4 இயந்திரத்தின் சிலிண்டர்களை எண்ணிச் சொல்லும். இறுதி 4 கதவுகளின் தொகை. அதே தொடரில் ஆறு சிலிண்டர் உடையது 264. பின்கதவையும் சேர்த்து ஐந்து கதவு உடையது 245. பகுதி, இடைநிலை, விகுதி என்று பதத்தைப் பிரித்துப் பழகியவருக்கு இந்த ஒழுங்கு மிகவும் பிடித்துப்போயிற்று. எண்ணுக்குப் பின் வரும் எழுத்துகளோ வேறு வகை. டி.எல். என்பது 'சொகுசுடையது' என்னும் பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம், ஜி.எல். என்பது 'பெருஞ்சொகுசு'. தாழ்ந்த படியே சொகுசு என்று தொடங்கினால், சொகுசில்லாத வண்டி என்று ஒன்றை எந்த நிறுவனம்தான் ஒப்புக்கொள்ளும்?

வகுப்பில் அவர் அடைமொழியைக் கற்பிக்கும்போது இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருவது வழக்கம். செந்தாமரை என்றால் வெண்டாமரையும் உண்டு என்பது பெறப்படும். அது இனச்சுட்டுள்ள அடை. செஞ்ஞாயிறு என்றால் கருஞாயிறு ஒன்று இருப்பதாக யாரும் கொள்ளார். அது இனச்சுட்டில்லா அடை. முன்னது பொருளை வேறுபடுத்துகிறது. பின்னது அழகுக்கு நிற்கிறது. டி.எல்., ஜி.எல். என்பவை எவ்வகை அடை என்பதே அவர் ஆராய முற்பட்ட வினா. ஜி.எல். என்னும் அடையை நீக்கினால் வண்டியிலிருந்து எது எது நீங்கும்? நீங்குவன இன்றியமையாதனவா?

இதற்கு விடை காண அவர் முதலில் பெயரை ஆராய்ந்தார். அடையின்றி, 244 என்ற அளவில் அவ்வண்டியில் அமைந்திருந்தவை யாவை? சுவீடன் நாட்டு வோல்வோ நிறுவனம் 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட அத்தொடர், அதற்கு இரண்டாண்டு முன்னர்ப் பாதுகாப்பு ஆய்வுக்கென்றே செய்த ஒரு மாதிரி வண்டியிலிருந்து பிறந்தது. மோதல் நேரும்போது முன்பகுதியும் பின்பகுதியும் மடிந்து நசுங்கி அதிர்வைத் தாம் ஏற்றுக்கொள்ளும். நடுவே மனிதர் அமர்ந்திருக்கும் கூடு நசுங்காது நிற்கும். வீட்டின் கூடத்தைக் காக்கத் திண்ணை அடிபடுவது போன்றது அது. ஸ்டியரிங் தண்டு ஓட்டுநரின் மார்பில் பாயாதபடி மடங்கும். நான்கு சக்கரங்களுக்கும் வட்டத்தகட்டுப் பிரேக்குகள். பிரேக்கு எண்ணெய் செல்லும் குழாய்த்தொகுதிகள் இரண்டு. ஒவ்வொன்றும் முன்சக்கரங்கள் இரண்டையும் பின்சக்கரம் ஒன்றையும் இயக்கும். ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று வண்டியை நிறுத்திவிடும். மலையிலிருந்து இறங்கும் குடும்பத்துக்கு இதைவிட வேண்டுவது வேறென்ன?

அதற்கு மேல் மூன்று முனைகளில் பூட்டும் இருக்கை வார். 1959ஆம் ஆண்டு வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் அமைத்த வடிவம் அது. அவர் அதற்கு முன் வானூர்தித் தொழிற்சாலையில், ஆபத்துக் காலத்தில் விமானியை வெளியே எறியும் இருக்கையை அமைத்துக்கொண்டிருந்தவர். மனிதனை வெளியே எறியும் கலையைக் கற்றவரே அவனை உள்ளே இருத்தும் கலையையும் கண்டார் என்பது எண்ணி மகிழத்தக்கது. அவ்வடிவத்தின் காப்புரிமையை நிறுவனம் தனக்கென்று பூட்டி வைக்காமல் பிற நிறுவனங்களும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. 244 வண்டியில் அந்த வார் முன்னிருக்கைகளில் மட்டுமன்றிப் பின்னிருக்கையிலும் இருந்தது. மலேசியாவில் முன்னிருக்கை வார் 1979ஆம் ஆண்டில்தான் சட்டமாயிற்று. பின்னிருக்கைக்கு அச்சட்டம் நடைமுறைக்கு வர 2009ஆம் ஆண்டு ஆயிற்று. முப்பதாண்டு இடைவெளி!

இவை யாவும் டி.எல். வண்டியிலும் இருந்தன, ஜி.எல். வண்டியிலும் இருந்தன. அப்படியானால் ஜி.எல். தந்த மிகுதி யாது? மென்பட்டுப் போன்ற இருக்கைத் துணி, இயந்திரச் சுழற்சியைக் காட்டும் மானி, கதவோரத்தில் வெள்ளிநிறப் பட்டை, கையால் எளிதாகத் திருப்புமாறு விசையூட்டப்பட்ட பவர் ஸ்டியரிங். டி.எல். வண்டியின் இருக்கையோ நெகிழித்தோல். நண்பகல் வெயிலில் நின்றபின் அமர்ந்தால் தொடையைச் சுடும். ஆயினும் தாப்பாவின் மழையில் நனைந்து ஓடிவந்து ஏறும் பிள்ளைகளுக்குத் துடைத்தால் உலரும் அந்த இருக்கையே நல்லது என்று ஆசிரியர் கருதினார். வோல்வோவின் சொந்த நாட்டில் ஓட்டுநர் இருக்கையைச் சூடாக்கும் கம்பிச்சுருளும், முகப்பு விளக்கின் பனியைத் துடைக்கும் சிறு துடைப்பான்களும் சொகுசில் சேரும் என்பதையும் ஒரு கையேட்டில் படித்தார். சூடேற்றும் இருக்கை! தாப்பாவில் அதை வெயில் இலவசமாகவே செய்துவந்தது.

பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கணக்கிட்டார். சாகாவின் இயந்திரம் 1,300 கன செண்டிமீட்டர் அளவினது. வோல்வோவின் இயந்திரம் 2,100க்கு மேல். சாலை வரி இயந்திரத்தின் அளவைக் கொண்டு விதிக்கப்படுவதால் ஆண்டுதோறும் வோல்வோவுக்கு மிகுதியாகக் கட்ட வேண்டும். எண்ணெயும் மிகுதியாகக் குடிக்கும். உதிரிப்பாகங்களின் விலையும் கூடுதல். இவை அனைத்தும் சாகாவின் பக்கம் பேசின. வண்டியின் தோற்றமும் வோல்வோவுக்கு உதவவில்லை. கோப்பிக்கடையில் நண்பர்கள் அதனை இரும்புப் பெட்டி என்றனர். அதன் அகலமான முகமும் நேர்கோட்டு மூலைகளும் கண்டால் அப்பெயர் பொருந்தாதென்று சொல்ல இயலாது. "புதிய வண்டி வாங்க வசதியிருந்தும் பழைய வண்டிக்குப் போவானேன்?" என்று கேட்டவர்களுக்கு அவர் விடை கூறவில்லை.

ஊரில் அவருக்குப் பழக்கமான சீனப் பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார். 'சிக்கு' என்று மலாய் மரபில் ஆசிரியரை விளித்துப் பேசும் அவர், டி.எல். வண்டியைச் சோதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுத்தார். கால்விரிப்பைத் தூக்கி ஈரம் உள்ளதா என்று பார்த்தார். அடித்தகட்டைத் திருப்புளியின் பிடியால் தட்டித் துரு ஏறிய இடம் உண்டா என்று ஒலியால் அறிந்தார். கதவுகளின் இடைவெளி ஒரே அளவாக உள்ளதா என்று விரலை வைத்து ஓட்டினார். மோதிச் சீர்செய்த வண்டியில் அவ்விடைவெளி கோணும். பிறகு இருவரும் மலை ஏறினர். ரிங்லெட் வரை சென்று, நீர்த்தொட்டி கொதிக்காததைக் கண்டு, திரும்பினர். இறக்கம் முழுவதும் இரண்டாம் கியரிலேயே வந்தனர். அடிவாரத்தை அடைந்ததும் பட்டறைக்காரர் இறங்கி, நான்கு சக்கரங்களுக்கும் அருகில் மாறி மாறிக் கையை நீட்டிப் பார்த்தார். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றினும் மிகுதியாகச் சுட்டால் அங்கே பிரேக்குப் பிடித்துக்கொண்டு விடுபடாமல் இருக்கிறது என்று பொருள். நான்கும் ஒரே சூடு. "போலே, சிக்கு" என்றார். ஆகும் என்பது அதன் பொருள்.

அன்று அவர்கள் அறியாத ஒன்றையும் இங்குச் சொல்ல வேண்டும். அத்தொடரில் 1980 முதல் 1987 வரை செய்யப்பட்ட வண்டிகள் பலவற்றில், இயந்திரப் பகுதியின் மின்கம்பிகள்மேல் இருந்த உறை சில ஆண்டுகளில் உலர்ந்து உதிர்ந்தது. நன்றாகக் கட்டப்பட்டது என்று உலகம் புகழ்ந்த வண்டியிலும் இத்தகைய குறை ஒளிந்திருந்தது. ஆசிரியர் வாங்கியது 1979ஆம் ஆண்டு வண்டி. அவர் தப்பியது ஆராய்ச்சியாலன்று. ஓராண்டு முன்பின்னாக அமைந்த நல்வாய்ப்பால்.

ஆக, டி.எல். வந்தது. ஜி.எல். வண்டிக்குச் செலவாகியிருக்க வேண்டிய மிகுதிப் பணத்தில் நான்கு புதிய டயர்களும் புதிய பிரேக்குக் குழாய்களும் வாங்கிப் பூட்டினார். அடைக்குச் செலவிடாததைப் பெயருக்குச் செலவிட்டதாக அவர் பெருமை கொண்டார். வண்டியின் உயர்ந்த இருக்கையில் முழங்கால் மடங்காமல் ஏறி அமர்ந்த தாய், "இது நம்ம வீட்டுத் திண்ணை போல இருக்குதய்யா" என்றார். பின்னிருக்கையில் பிள்ளைகளுக்கு வாரைப் பூட்டியபின்தான் வண்டி நகரும். ஊரார் சிரித்தனர், கன்றுகளைக் கட்டிப்போடுவது போலப் பிள்ளைகளைக் கட்டுகிறார் என்றனர். அவர் பொருட்படுத்தவில்லை. இவை எல்லாவற்றிலும் அவர் கணக்குச் சரியாகவே இருந்தது.

தவறியது ஓரிடத்தில். வண்டி வாங்குவதற்கு முன் நடந்த ஆராய்ச்சியில் பட்டறைக்காரரின் கருத்து கேட்கப்பட்டது; கோப்பிக்கடை நண்பர்கள் கேளாமலே கருத்துக் கூறினர்; தாயின் மூட்டுவலியும் கருதப்பட்டது. மனைவியை யாரும் கேட்கவில்லை. அவர் ஓட்டுநர் உரிமம் பெற்றவர். பயிற்சி நிலையத்தின் சிறிய வண்டியில் பழகித் தேறியவர். வோல்வோ வந்த முதல் வாரத்தில் அதனை ஓட்ட முயன்றார். ஓடும்போது ஸ்டியரிங் இலேசாகத்தான் இருந்தது. ஆனால் நின்ற நிலையில், முன்பாரம் முழுவதும் சக்கரத்தின்மேல் இறங்கியிருக்கும்போது, அதைத் திருப்ப அவருடைய தோள்வலிமை போதவில்லை. இத்தனைக்கும் அவ்வண்டி சிறு வட்டத்தில் திரும்புவதில் பெயர்பெற்றது. 10 மீட்டருக்கும் குறைந்த இடத்தில் முழுதும் சுழன்றுவிடும். சுழற்றுவதற்குக் கை வேண்டுமே! வீட்டின் முன்றிலோ குறுகியது. மூன்று முறை முன்னும் பின்னும் திருப்பினாலன்றி வண்டி தெருவுக்கு வராது. இரண்டு நாள் முயன்றபின் அவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். "நீங்களே ஓட்டுங்க" என்றார். ஆசிரியர் அதை ஒரு குறையாகவே எண்ணவில்லை. வீட்டில் ஒருவர் ஓட்டினால் போதாதா என்பது அக்கால ஆண்கள் பலரின் எண்ணம். அவரும் அதற்கு விலக்கல்லர்.

1991ஆம் ஆண்டில் ஓர் இரவு. ஆசிரியர் பயிற்சி வகுப்பு ஒன்றுக்காக ஈப்போவில் தங்கியிருந்தார். இரண்டு மணியளவில் தாய்க்கு மூச்சு முட்டியது. மனைவி ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். வண்டி உடனே இயங்கியது. இரண்டாம் படிவம் முடித்திருந்த மூத்த மகன் வாசல் கதவைத் திறந்து வைத்தான். முதல் திருப்பம் முடிந்தது. இரண்டாம் திருப்பத்தில் ஸ்டியரிங் பாதியில் நின்றுவிட்டது. மகனும் பக்கத்து இருக்கையிலிருந்து எட்டிப் பிடித்து இழுத்தான். பின்சக்கரம் வடிகாலின் விளிம்பில் ஏறி இறங்கியது. மேலும் அசைத்தால் வண்டி வடிகாலுக்குள் விழும் என்று அஞ்சி அவர் இயந்திரத்தை நிறுத்தினார். நான்கு வீடு தள்ளியிருந்த டாக்சிக்காரரை மகன் ஓடிச் சென்று எழுப்பினான். கதவைத் தட்டிய நேரம், அவர் எழுந்து சட்டை மாட்டிய நேரம், குறுக்காக நின்ற வோல்வோவைக் கடந்து தாயைத் தூக்கிச் சென்ற நேரம். எல்லாம் சேர்த்து அரைமணிக்கு மேல் ஆயிற்று. தாய் பிழைத்தார். மேலும் நான்காண்டு வாழ்ந்தார். ஆனால் உலகத்திலேயே பாதுகாப்பான வண்டி என்று எண்ணி வாங்கப்பட்ட ஒன்று, அது வேண்டிய இரவில், முன்றிலில் குறுக்காக நின்றது.

மறுநாள் திரும்பி வந்த ஆசிரியர், வண்டி நின்ற நிலையைக் கண்டார். யாரும் ஒன்றும் கூறவில்லை. உள்ளே அமர்ந்து, இயந்திரத்தை இயக்காமல், ஸ்டியரிங்கை ஒரு கையால் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. இயக்கிவிட்டு இரு கைகளாலும் திருப்பினார். திரும்பியது, ஆனால் அவருக்கும் தோள் நொந்தது. ஐந்தாண்டாக நாள்தோறும் செய்துவந்த செயல்தான். அதன் பாரத்தை அன்றுதான் அவர் நிறுத்துப் பார்த்தார். பவர் ஸ்டியரிங்கை அவர் மென்பட்டுத் துணியோடும் வெள்ளிநிறப் பட்டையோடும் ஒரே வரிசையில் எழுதிக் கோடிட்டு அடித்திருந்தார். அவருக்கு அது செஞ்ஞாயிற்றின் செம்மை. அவர் மனைவிக்கோ அதுவே வண்டி.

அப்பிழையைத் திருத்த அவர் மேலும் நான்காண்டு எடுத்துக்கொண்டார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1994ஆம் ஆண்டில் பெரோடுவா நிறுவனம் கஞ்சில் என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. சருகுமானின் பெயரைத் தாங்கிய அதன் இயந்திரம் 660 கன செண்டிமீட்டர்தான். மறு ஆண்டு அவர் மனைவிக்கு ஒன்று வாங்கித் தந்தார். நாடெங்கும் எத்தனையோ பெண்கள் தாமே ஓட்டிச் செல்லக் கிடைத்த முதல் வண்டி அதுவாக இருந்தது. சந்தைக்கும், கோயிலுக்கும், மகளின் பள்ளிக்கும் அவர் தாமே சென்றுவரத் தொடங்கினார். நாற்பது வயதைக் கடந்தபின் வந்த அந்த விடுதலையில் அவர் முகமே மாறிவிட்டது என்று மகள் பின்னாளில் கூறுவதுண்டு. ஆசிரியருக்கோ கவலை. கஞ்சிலின் கதவை மூடும்போது எழும் மெல்லிய தகர ஒலி அவர் நெஞ்சில் அறைந்தது. பெட்டிபோல் உறுதியான வண்டி முன்றிலில் நிற்கிறது. அதை மனைவியால் ஓட்ட முடியாது. மனைவி ஓட்டும் வண்டியோ லாரிகள் விரையும் கூட்டரசுச் சாலையில் ஒரு தீப்பெட்டியைப் போல் ஓடுகிறது. இரண்டும் ஒருங்கே அமைந்த வண்டியைத் தேடித்தான் முதலில் புறப்பட்டிருக்க வேண்டும். அந்த வண்டி 1986ஆம் ஆண்டிலேயே, ஈப்போவில், சில ஆயிரம் வெள்ளி மிகுதியாக விலைக்கு நின்றது.

வோல்வோவை அவர் 1999ஆம் ஆண்டில் விற்றார். மலைச்சாலையில் அது ஒருமுறையேனும் நின்றதில்லை என்பதை வாங்கியவரிடம் மூன்று முறை சொன்னார்.

2024ஆம் ஆண்டில் அவருடைய மகளுக்கு மகிழுந்து வாங்கும் முறை வந்தது. மகள் தாதியாகப் பணிபுரிபவர். இரவுப்பணி முடிந்து விடியற்காலையில் தனியே வீடு திரும்புபவர். எழுபத்தாறு வயதான தந்தையிடம் அவர் கையேடு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, "அப்பா, இதற்கு மதிப்பெண் போடுங்கள்" என்றார். வண்டி புரோட்டோன் எஸ்70. 2023ஆம் ஆண்டு நவம்பரில் அறிமுகமான நடுத்தர அளவுக் குடும்ப வண்டி. தாப்பாவிலிருந்து தெற்கே எழுபது எண்பது கிலோமீட்டரில் உள்ள தஞ்சோங் மாலிம் ஆலையில் உருவாவது. பேராக் மண்ணின் வண்டி என்று சொல்லலாம். ஆனால் அதன் எலும்பு சீனத்து ஜீலி நிறுவனத்தினுடையது. அந்த ஜீலி 2017ஆம் ஆண்டில் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. அதற்கு முன்னரே 2010ஆம் ஆண்டில் வோல்வோ மகிழுந்து நிறுவனத்தை வாங்கியிருந்தது. எஸ்70 வண்டியின் மூன்று சிலிண்டர் இயந்திரக் குடும்பம், ஜீலியும் வோல்வோவும் சேர்ந்து உருவாக்கியது. 1986ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்திப் பார்த்த இரு பெயர்களும் இப்போது சம்பந்திகளாகிவிட்டதை அறிந்து முதியவர் நெடுநேரம் சிரித்தார்.

கையேட்டில் நான்கு படிகள் இருந்தன: எக்சிகியூட்டிவ், பிரீமியம், ஃபிளாக்‌ஷிப், ஃபிளாக்‌ஷிப் எக்ஸ். அறிமுக விலை 73,800 வெள்ளியில் தொடங்கி 94,800 வெள்ளியில் முடிந்தது. அடைகள் இன்னும் மாறவில்லை. கீழ்ப்படிக்கே அதிகாரி என்று பெயர். மேற்படிக்குக் கடற்படைத் தலைவனின் கொடிக்கப்பல் என்று பெயர். முதியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய வழக்கப்படி, எவை பெயரில் உள்ளன, எவை அடையில் உள்ளன என்று பிரிக்கத் தொடங்கினார். காற்றுப்பைகளும், வழுக்கும்போது சக்கரங்களைத் தனித்தனியே பிடித்து நேர்ப்படுத்தும் முறையும் கீழ்ப்படியிலேயே இருந்தன. ஒரு காலத்தில் இவையும் விலையுயர்ந்த வண்டிகளின் அடைகளே. வழுக்கல் தடுப்பு முறையை 2018ஆம் ஆண்டு முதல் புதிய வகை மகிழுந்துகளுக்கு அரசு கட்டாயமாக்கியது. அடையாக இருந்ததைச் சட்டம் பெயருக்குள் தள்ளிவிட்டது.

முன்னே செல்லும் வண்டி திடீரென நின்றால் தானே பிரேக்குப் பிடிக்கும் கருவி மட்டும் மேற்படிகளில் இருந்தது. உச்சிப்படியின் மிகுதிகளுள் ஒன்று கூரைச் சாளரம். கூரைச் சாளரத்தை முதியவர் உடனே அடித்தார். தாப்பாவின் வெயிலும் மழையும் உள்ளே வர வேறு வழிகள் உண்டு என்றார். தானே பிடிக்கும் பிரேக்கை அடிக்க அவர் கை எழவில்லை. "இரவெல்லாம் விழித்துவிட்டு வருகிறாயம்மா. மூன்றாம் படியையே எடு" என்றார்.

மகள் மாதத் தவணையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே 10,000 வெள்ளி. "உங்கள் பழைய வோல்வோவில் வார் எல்லாப் படிகளிலும் இருந்தது என்பீர்களே அப்பா! இதை மட்டும் ஏன் மேலே வைத்தார்கள்? இரண்டாம் படி வாங்குபவருக்கு மோதினால் வலிக்காதா?" என்று கேட்டார்.

நாற்பதாண்டு வகுப்பறையில் நின்றவருக்கு விடை வரவில்லை. அவர் கையேட்டை மூடி வைத்துவிட்டு, "அம்மாவையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்ப்போம்" என்றார்.

மறு வாரம் நால்வரும் சென்றனர். மருமகன் பின்பகுதியைத் திறந்து பெட்டிகள் வைக்கும் இடத்தை அளந்தார். மகள் விற்பனையாளரோடு தவணை பற்றிப் பேசினார். எழுபத்தொரு வயதான தாயை முதியவர் ஓட்டுநர் இருக்கையில் அமரச் செய்து, இயந்திரத்தை இயக்குமாறு அங்கிருந்த இளைஞரிடம் கூறினார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மூதாட்டி ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்து மெல்லத் திருப்பினார். முன்சக்கரங்கள் இரண்டும் தரையில் உராய்ந்து திரும்பின.

"இது எந்தப் படி?" என்று கேட்டார்.

"எல்லாப் படியிலும் இப்படித்தாம்மா" என்றார் மகள்.

மூதாட்டி கணவரைப் பார்க்கவில்லை. மறு பக்கமாக ஒருமுறை, ஒரே கையால், இறுதிவரை திருப்பினார்.